பொட்டு வைக்காத அடாப்டர்

லேப்டாப் அடாப்டர் சூடாகத்தான் செய்யும். கரண்டை மாற்றிக் கொடுக்கிற எந்தப் பெட்டியும் கொஞ்சம் சூடாகும். இதை ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். கை வைக்க முடிகிறதா, முடிகிறதென்றால் எடுத்துக்கொண்டு போங்கள், மெத்தை மேல் வைக்காதீர்கள், துணி போட்டு மூடாதீர்கள், அவ்வளவுதான். பத்தொன்பது வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மதுரையில் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு காம்ப்ளக்ஸ், முதல் மாடி, எட்டுக்குப் பத்து அடிக் கடை. செலின் லேப்டாப் சர்வீஸ். அந்தச் செலின் நான்தான்.

என் சுபாவத்தையும் சொல்லிவிடுகிறேன். கறிக்கடையில் தராசைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை இன்னொரு டாக்டரிடம் காட்டுவேன். பிறகு ரெண்டு பேரையும் நம்பாமல் மாத்திரை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிடுவேன். நாற்பத்தேழு வயதாகிறது, பெரிதாக யாரிடமும் ஏமாந்ததில்லை. கஸ்டமர் சொல்வதை அப்படியே நம்பினால் இந்தத் தொழிலில் ஒரு போர்டைக்கூடச் சரிசெய்ய முடியாது. சந்தேகம்தான் எனக்குச் சோறு போடுகிறது.

சுகந்தி வந்தது பிப்ரவரி நாலாம் தேதி மத்தியானம். முப்பது வயது இருக்கும். ஒரு தோளில் லேப்டாப் பை, இன்னொரு கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற கூடையும் ஃபிளாஸ்கும்.

"அக்கா, இந்த சார்ஜர் நெருப்பாக் கொதிக்குதுக்கா. ஆபீஸ்ல கேட்டா நார்மல்ங்கிறாய்ங்க."

"நார்மல்தான்."

"தொட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்கக்கா."

பிளக்கில் சொருகி லேப்டாப்பில் மாட்டினேன். அது சார்ஜ் ஏறுகிற நேரத்தில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கிளைம்களைச் சரிபார்க்கிற கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம். கம்பெனி பெயரை இங்கே எழுதக் கூடாது என்று, பின்னால் இந்தக் கேஸை எடுத்துக்கொண்ட வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். நாலு வயதுப் பையன், துருவன் என்று பெயர், மூச்சு இளைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவள் லீவு போட்டுவிட்டு அவனோடு இருக்கிறாள்.

"எங்கூட வேலை பாக்குற எல்லாருக்கும் இதே சார்ஜர்தான். ஒருத்தருது கூடச் சூடாகலயாம். எனக்கு மட்டும்தான். என் நேரம் அப்படி."

"உன் நேரத்துக்கும் சார்ஜருக்கும் என்னம்மா சம்பந்தம்" என்று அடாப்டரைத் தொட்டவள் கையை இழுத்துக்கொண்டேன். தோசைக்கல் மாதிரி இருந்தது.

எனக்கு அப்போது இருமல் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. அவள் ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றி நீட்டினாள். பிள்ளைக்கு வைத்திருந்தது.

"ஈயம் உருக்குற சால்டரிங் புகைம்மா. எனக்குப் பழகிப்போச்சு" என்றேன். "லேப்டாப்பையும் சேத்து வச்சுட்டுப் போ. பாத்துச் சொல்றேன்."

மறுநாள் காலையில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். அடாப்டர் சுவரிலிருந்து இழுத்தது அறுபத்தோரு வாட். லேப்டாப்புக்குக் கொடுத்தது நாற்பது. நாலைந்து வாட் சூடாக வீணாவது எல்லா அடாப்டரிலும் நடப்பதுதான். இங்கே இருபத்தொன்று காணாமல் போகிறது. எங்கே போகிறது?

மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரத்தில் மறுபடி பார்த்தால் நாற்பத்தைந்து. தொட்டால் இளஞ்சூடு. மீட்டர்தான் கோளாறு என்று நினைத்தேன். அந்நேரம் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து, காம்ப்ளக்ஸ்காரன் லிஃப்டை ரிப்பேர் பண்ணாமல் இழுத்தடிப்பதைப் பற்றிப் பத்து நிமிஷம் புலம்பினார். அவர் வெளியே போகும்போது மீட்டரில் அறுபது. அவர் போய்க் கால் மணி நேரத்தில் திரும்ப நாற்பத்தைந்து.

ரேடியோவைப் போட்டேன். கொஞ்சம் ஏறியது, ரெண்டு நிமிஷத்தில் இறங்கிவிட்டது. ரேடியோவை அணைத்துவிட்டு நானே வாய்விட்டுப் பேசினேன். சர்ச்சில் சொல்கிற ஜெபத்தைத்தான் சொன்னேன். ஏறிக்கொண்டே போனது, இறங்கவில்லை. ரேடியோவில் பேசுகிறவன் ஆள் இல்லை, செலின்தான் ஆள் என்று இந்தக் கறுப்புப் பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது.

பட்டப்பகலில், என் சொந்தக் கடையில், ஒரு சார்ஜருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தங்கச்சிக்குப் போன் பண்ணக்கூட வராந்தாவுக்குப் போனேன்.

எட்டாம் தேதி சுகந்தி வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. சார்ஜரைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு லெட்டரை மேஜையில் வைத்தாள்.

"எங்க கம்பெனியே எனக்கு அனுப்பியிருக்குக்கா. படிச்சுப் பாருங்க."

படித்தேன். ஜனவரி ஒன்றாம் தேதி கம்பெனி தன் ஊழியர் குடும்பங்களுக்கு மெடிக்கல் பாலிசி எடுத்திருக்கிறது. ஜனவரிக் கடைசியில் துருவன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். லெட்டரில் இருந்தது இதுதான்: நவம்பர், டிசம்பர் மாதங்களில் பதினேழு நாட்கள் குழந்தைக்கு இளைப்போடு கூடிய இருமல் இருந்திருக்கிறது. பாலிசிக்கு முன்பே இருந்த நோயை மறைத்திருக்கிறீர்கள். எனவே கிளைம் கிடையாது. குழந்தையின் பெயரும் பாலிசியிலிருந்து நீக்கப்படுகிறது. கீழே தேதிவாரியாகப் பட்டியல். நவம்பர் இருபத்து மூன்று, நாற்பத்து மூன்று முறை. டிசம்பர் இரண்டு, முப்பத்தொரு முறை.

"நான் மறைக்கலக்கா. மழைக்குச் சளி பிடிச்சிருக்குன்னு நெனச்சோம். டாக்டர்கிட்டப் போனதே ஜனவரியிலதான். இனி வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவையாச்சும் ஆஸ்பத்திரியில சேக்க வேண்டி வரும்ங்கிறாரு. பேரை எடுத்துட்டாய்ங்கன்னா அது எல்லாக் கம்பெனிக்கும் போயிரும். வேற எவனும் எம்புள்ளையச் சேக்க மாட்டான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இந்த லெட்டரை அனுப்புற வேலைதானக்கா நான் பாக்குறேன். ஒரு நாளைக்கு அம்பது பேருக்கு அனுப்புவேன். பட்டியல் மேல இருந்து வரும், நாங்க பேரும் விலாசமும் சரியான்னு மட்டும் பாப்போம். இம்புட்டு விவரம் எங்கிட்டுருந்து வருதுன்னு ஒரு நா கூட யோசிச்சதில்ல."

அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"யாரு சொல்லியிருப்பாங்கன்னு நெனக்கிற?" என்று கேட்டேன்.

"நெனக்கிறதென்ன, தெரிஞ்சதுதான். எங்க நாத்தனார் தனலெச்சுமி. ஸ்கேன் சென்டர்ல வேலை. நவம்பர்ல அவதான் சளிக்கு ஆவி பிடிக்கிற மிஷினைக் கொண்டாந்து குடுத்தா. அவளை விட்டா வெளிய யாருக்கும் தெரியாது. நேத்து வாசல்ல நிக்க வச்சுக் கேட்டுட்டேன். எம்புள்ளையக் காட்டிக் குடுத்து என்னத்த வாங்குனேன்னு கேட்டேன். நான் சொல்லலன்னுட்டு அழுதுட்டே போயிட்டா. எங்க வீட்டுக்காரர் எங்கூடப் பேச மாட்டேங்குறாரு."

நான் லெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி கோள் சொல்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். பையனுக்கு ஒரு மாசமா இருமல் என்று சொல்வாள். எந்த மனுஷி உட்கார்ந்து நாற்பத்து மூன்று என்று எண்ணுவாள்?

மேஜை ஓரத்தில் இருந்த அடாப்டர் மேல் கையை வைத்தேன். கொதித்தது. இதற்கு மேல் பேச வேண்டாம் என்று அவளுக்கு ஜாடை காட்டி, வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன்.

"உங்கூட வேலை பாக்குறவங்க சார்ஜர் ரெண்டு எனக்கு வேணும். எதுக்குன்னு யார்கிட்டயும் சொல்லாத."

மறுநாள் கொண்டுவந்தாள். அதே மாடல், அதே வாட். மீட்டரில் மாட்டி, ரெண்டு பேரும் எதிரே நின்று சத்தமாகப் பேசினோம். நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. சுகந்தியின் அடாப்டர் மட்டும் அறுபதுக்குப் போனது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தேன். ஒரே ஒரு வித்தியாசம்தான். மற்ற ரெண்டின் முதுகிலும் நட்டநடுவில் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"இது ஏது?"

"ஆயுத பூஜை அன்னைக்குத்தான் புது லேப்டாப் குடுத்தாய்ங்கக்கா. ஒரு ஹால் பிடிச்சு, எம்பது பேருக்கும். மேனேஜரே எல்லாத்துக்கும் பொட்டு வச்சு, கற்பூரம் காட்டிக் குடுத்தாராம். நான் போகல. அன்னைக்கு எனக்கு வீட்டு விலக்கு. ரெண்டு நாள் கழிச்சுப் போயி என்னோடதை வாங்கிட்டு வந்தேன். அப்பப் பொட்டு வைக்க யாருக்கும் தோணல."

நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். ஆயுத பூஜைக்கு ஜெராக்ஸ்காரர் தருகிற பொரிகடலையைத் தின்பதோடு சரி. என் கடையில் எதற்கும் பொட்டு கிடையாது. அதனால்தானோ என்னவோ அந்தப் பொட்டு என் கண்ணை உறுத்தியது. ஊசியால் சந்தனத்தைச் சுரண்டினேன். அடியில் கடுகைவிடச் சின்னதாக ஓர் ஓட்டை. சந்தனம் உள்ளே இறங்கிக் கெட்டியாகிப் போயிருந்தது. ஊசியை விட்டுச் சுத்தமாக எடுத்தேன்.

"ஏதாச்சும் பேசு" என்றேன்.

"என்னத்தப் பேசக்கா?"

மீட்டர் ஏறத் தொடங்கியது. ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது. சுகந்தியின் அடாப்டரில் அதே இடத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டினேன். கொஞ்ச நேரத்தில் பச்சைப் பிள்ளை மாதிரி ஆறிப்போனது.

இதைச் செய்த இன்ஜினியர் எந்த ஊர்க்காரனோ தெரியாது. காது வைக்க முதுகின் நட்டநடு இடத்தைப் பிடித்திருக்கிறான். எங்கள் ஊரில் பொட்டு வைக்கிறவர் கையும் நேரே அங்கேதான் போகும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. எழுபத்தொன்பது வீட்டின் இருமலை ஒரு சந்தனக் கிண்ணம் அடைத்துவிட்டது. அந்த எழுபத்தொன்பது பெட்டியும் 'இந்த வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை' என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

"மதுரை பிராஞ்சுலதான் குடும்பங்க எல்லாம் ஆரோக்கியமா இருக்குன்னு போன மாசம் ஷீல்டு குடுத்தாய்ங்கக்கா" என்றாள் சுகந்தி. நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அப்போதுதான் நான் ஒரு தப்பு செய்தேன். கத்தியை விளிம்பில் வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டி, சுகந்தியின் அடாப்டரைப் பிளந்துவிட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. காயில், கெபாசிட்டர் எல்லாம் வழக்கம்போல். ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு பச்சை போர்டு, அதில் ஒரு பெரிய சிப், ஓட்டைக்கு நேரே மிளகளவு மைக். கரண்டை மாற்றுகிற பெட்டிக்கு மூளையும் காதும் எதற்கு?

ஜபருல்லாவைக் கூப்பிட்டேன். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன், இப்போது அங்கேயே எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுக்கிறான். பன்னிரண்டாம் தேதி தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். வந்ததும் முதலில் என்னைத் திட்டினான்.

"ஏன்ப்பா பிளந்த? இது சாட்சிப் பொருளு. இனி எவனும் இதை நம்ப மாட்டான்."

"பிளந்தாச்சு. இப்ப என்ன செய்யணும்னு சொல்லு."

சார்ஜர் பின்னின் நடுக்கம்பி வழியாகத்தான் அடாப்டரும் லேப்டாப்பும் பேசிக்கொள்ளும். அந்தக் கம்பியில் ஒரு வயரை ஒட்டி, தன் திரையில் எண்களை வரவழைத்தான். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பேச்சை இது எடுக்கலப்பா. போன வருஷம் சட்டம் வந்துச்சுல்ல, வீட்டுக்குள்ள பேசுறதை எந்தக் கம்பெனியும் பதிவு பண்ணக் கூடாதுன்னு. அதுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு. கேட்குறதை எல்லாம் பெட்டிக்குள்ளயே அலசி முடிச்சுட்டு, பேச்சைக் கீழ போட்டுருது. அந்த வேலைக்குத்தான் இம்புட்டுச் சூடு. லேப்டாப் வழியா வெளிய போறது எண்ணிக்கை மட்டும்தான்."

"எதோட எண்ணிக்கை?"

அவன் சுகந்தியைப் பார்த்தான். "உங்க பையன் இருமுன வீடியோ ஏதாச்சும் போன்ல இருக்காம்மா?"

இருந்தது, டாக்டரிடம் காட்ட எடுத்தது. சின்ன உடம்பு குலுங்கிக் குலுங்கி இருமுகிற சத்தம் கடையை நிறைத்தது. நான் விரல் விட்டு எண்ணினேன். பன்னிரண்டு. திரையில் ஒரு வரிசையில் எண் ஏறி, பன்னிரண்டில் நின்றது. பக்கத்தில் இன்னொரு எண் நாலு என்று காட்டியது. வயதாம்.

"வயசு கூடவா?" என்று கேட்டேன்.

"இருமுற சத்தத்தை வச்சே ஆணா பொண்ணா, என்ன வயசு, நெஞ்சுக்குள்ள சளியா இளைப்பான்னு பிரிச்சுருது. பேச்சுக்குத்தான் சட்டம். இருமலைப் பத்தி அதுல ஒரு வரி கிடையாது. நல்ல வக்கீலை வச்சுத்தான் இதைச் செஞ்சுருப்பாய்ங்க." திரையில் எண்களை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே சொன்னான். "கீழ இன்னொரு வரிசையும் ஏறியிருக்கு, பாரு."

"ஜெராக்ஸ் மிஷின் சத்தமா இருக்கும்" என்றேன்.

"இருக்கும்" என்று அவனும் விட்டுவிட்டான்.

சுகந்தி அந்தப் பன்னிரண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அவ சொல்லலக்கா" என்றாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பையனுக்காக அழுததுபோல் தெரியவில்லை.

பதினைந்தாம் தேதி பையன் வீட்டுக்கு வந்தான். அவளும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனாள். அடாப்டரை ஒட்டி, ஓட்டையை டேப் போட்டு மூடிக் கொடுத்தேன். அன்றைக்கே நாத்தனார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அவர் உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, ஒன்றே ஒன்று கேட்டாராம்: "நான் சொன்னா நம்பல. ஒரு மிஷின் நான் இல்லன்னு சொன்னாத்தான் நம்புவியா?"

வக்கீலம்மா கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினார். ஒரே வாரத்தில் கம்பெனிக்காரர்கள் வீடு வீடாக வந்தார்கள். அடாப்டர் சூடாவதாகப் புகார் வந்திருக்கிறதாம், எல்லாவற்றையும் மாற்றித் தருகிறார்களாம். எண்பதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். புதிது கொடுத்தார்கள், அதன் முதுகில் நடுவில் ஒன்றும் இல்லை. ஓட்டையை வேறு எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு பதில் வந்தது. அந்த போர்டு சூட்டைக் கட்டுப்படுத்துவதற்காம். அனுமதியில்லாத ஒரு ரிப்பேர்க்காரர் அதை உடைத்துத் திறந்ததால், அதை வைத்துச் சொல்கிற எதுவும் செல்லாதாம். குழந்தையின் உடல்நிலை பற்றிய தகவல், குடும்பத்துக்கு நெருக்கமான நம்பகமான ஒருவரிடமிருந்து வந்ததாம்.

கடைசி வரியைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. பொய் சொல்லட்டும், கம்பெனி என்றால் பொய் சொல்லத்தான் செய்யும். இவர்கள் ஒரு வீட்டுக்குள் ஆளை ஆள் சந்தேகப்பட வைத்துவிட்டு, அந்தச் சந்தேகத்தின் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறார்கள். அதைவிட எனக்கு ஆத்திரம் என் மேலேயே. பிளந்தது நான்தானே. மீட்டரையும் ஜபருல்லாவின் திரையையும் போனில் எடுத்து வைத்திருந்த வீடியோ எல்லாம் கோர்ட்டில் நிற்காது, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். துருவன் பெயர் நீங்கியது நீங்கியதுதான் என்று நாங்கள் கிட்டத்தட்ட முடிவுக்கே வந்துவிட்டோம்.

மார்ச் மாதம் ஒரு நாள் காலையில், கடை திறந்த கையோடு சுகந்தி வந்தாள். இந்த முறை முகத்தில் அழுகை இல்லை, குழப்பம்தான்.

"இன்னொரு லெட்டர் வந்திருக்குக்கா. ஆளு பாத்து அனுப்புனது இல்ல, பட்டியல்ல தானா வந்து விழுந்தது. ஆனா இதுல சொல்ற ஆளு எங்க வீட்டுலயே இல்ல."

வாங்கிப் படித்தேன். பாலிசியில் பெயர் சேர்க்காத ஒருவர் உங்கள் வீட்டில் வசிப்பதாகத் தெரிகிறது. பெண். வயது நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையில். பிப்ரவரி நாலாம் தேதி முதல் பதினைந்தாம் தேதி வரை, பகல் நேரங்களில், நுரையீரல் இறுகும் நோய்க்கான இருமல் பதிவாகியிருக்கிறது. பதினைந்து நாளுக்குள் விளக்கம் தரவும்.

"எங்க மாமியார் இறந்து ஆறு வருஷமாச்சு. நாத்தனாருக்கு முப்பத்தாறுதான். அந்த வயசுல யாருக்கா இருக்கா எங்க வீட்டுல?"

நான் டிராயரைத் திறந்து பழைய ஜாப் கார்டுகளைத் துழாவினேன். ரிப்பேருக்கு வருகிற ஒவ்வொரு பொருளுக்கும் வந்த தேதி, போன தேதி எழுதி நூலில் கட்டுவேன். சுகந்தி, லேப்டாப் ஒன்று, அடாப்டர் ஒன்று. வந்தது நாலு. போனது பதினைந்து.

"அடியே" என்றேன். "மாட்டிக்கிட்டாய்ங்க. இந்தப் பன்னெண்டு நாளும் உன் சார்ஜர் என் மேஜையில கெடந்துச்சு. சேத்து வச்சிருந்த எண்ணிக்கை நீ வீட்டுல போயி மாட்டுனதும் போயிருக்கு. சூட்டைக் கட்டுப்படுத்துற போர்டுக்கு இந்தக் கடையில இருமுறது எப்படிக் கேட்டுச்சாம்? எந்த நாத்தனார் போயிச் சொன்னாளாம்? இதை அவய்ங்களே எழுதிக் கையில குடுத்துருக்காய்ங்க."

அவள் முகம் மலர்ந்தது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. லெட்டரை மறுபடி எடுத்து, ருசித்து ருசித்துப் படித்தேன். அப்போதுதான் அந்த மூன்று வார்த்தைகள் கண்ணில் பட்டன. நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையில். அதற்குப் பிறகு, நுரையீரல். சுகந்தியும் அதே நேரத்தில் என்னைப் பார்த்தாள்.

வக்கீலம்மா லெட்டரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அருமையான சாட்சிதான். ஆனா அவங்க என்ன சொல்வாங்கன்னா, கம்ப்யூட்டர் ஏதோ தப்பா உளறிடுச்சு, அப்படி ஒரு ஆளே இல்லன்னு சொல்வாங்க. அந்த இருமலுக்குச் சொந்தக்காரங்க இவங்கதான், லெட்டர்ல சொன்ன அதே நோய் இவங்களுக்கு இருக்குன்னு ஒரு டாக்டர் ரிப்போர்ட் வச்சோம்னா, அவங்களால தப்பிக்க முடியாது."

"ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்தா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "உங்களுக்கு நல்லது" என்றார்.

நாலு நாள் நான் டாக்டரிடம் போகவில்லை. பயமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. முதலில் அந்த மிஷின் பொய் சொல்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டை அது சரியாகப் பன்னிரண்டு என்றது, நாலு வயதை நாலு என்றது. அதைச் சந்தேகப்பட என்னிடம் காரணம் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் எந்த டாக்டர் சொன்னதையும் நம்பாதவள், என்னைக் கேட்காமலே என்னைச் சோதித்த ஒரு திருட்டுப் பெட்டியை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் சுகந்தி துருவனைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தாள். என்னைப் போகச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையன் என் பழைய கீபோர்டில் தட்டி விளையாடினான். படி ஏறி வந்ததற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது.

மறுநாள் காலையில் ஸ்கேன் சென்டருக்குப் போனேன். ரிசப்ஷனில் நின்றது தனலெச்சுமி, ஸ்கேன் எடுப்பதும் அவர்தான். நான் யார் என்று சுகந்தி சொல்லியிருக்கிறாள். அவரே என்னை உள்ளே கூட்டிப்போய், வளையலைக் கழற்றச் சொல்லி, மிஷினில் படுக்க வைத்தார்.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்கக்கா" என்றார். பிடிக்க முடியவில்லை. இருமல் வந்தது. மூன்றாவது தடவைதான் படம் சரியாக விழுந்தது.

வெளியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மாதாவை வேண்டினேன். ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டுவேன். உடனே அந்தப் பையன் படி ஏறி வந்து மூச்சு வாங்கியது ஞாபகம் வரும். அதற்கு மேல் எப்படி வேண்டுவது என்று தெரியாமல் நிறுத்திவிடுவேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நுரையீரலின் அடிப்பக்கம் ரெண்டிலும் வலை பின்னிய மாதிரி வெள்ளைக் கோடுகள். கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வருகிறது, இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் கஷ்டம், இப்போதே வைத்தியம் தொடங்கினால் இந்த அளவில் நிறுத்திவைக்கப் பார்க்கலாம் என்றார். "எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம் சந்தேகப்பட்டு வந்தீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். நான் சந்தேகப்பட்டு வரவில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது.

தனலெச்சுமி ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். கையை உடனே எடுக்கவில்லை.

"இது எங்கிட்டருந்து வெளிய போகாதுக்கா. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"இல்ல தனம்" என்றேன். "இதை நீ சொல்லணும். படம் எடுத்தது நீதான்னு கோர்ட்டுல நின்னு எல்லாரு முன்னாடியும் சொல்லணும்."

அவர் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது.

வெளியே வெயில் சுட்டெரித்தது. பஸ் ஸ்டாப் நிழலில் நின்று சுகந்திக்குப் போன் பண்ணினேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"கேஸ் நமக்குத்தான் சுகந்தி. துருவன் பேரு திரும்பவும் ஏறிரும். லெட்டர்ல என்ன போட்டுருக்கோ அதே வார்த்தை ரிப்போர்ட்லயும் இருக்கு."

அந்தப் பக்கம் அவள் சந்தோஷத்தில் பையன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்புறம் அந்தக் குரல் பாதியிலேயே நின்றுவிட்டது.